பாலியல் நல ஆலோசனை: செவிலியர்களுக்கு மூன்று நாள் பயிற்சியில் எதை வைப்பது, எதை விடுவது?

டெல்டா_பயிற்றுநர் (கேள்வி)

வணக்கம். அடுத்த மாதம் எங்கள் வட்டாரத்தில் 24 பேருக்குப் பாலியல் நல ஆலோசனைப் பயிற்சி நடத்த வேண்டும். 14 பேர் கிராம சுகாதார செவிலியர்கள், மீதிப் பேர் ஆரம்ப சுகாதார நிலையப் பிரசவ அறையில் வேலை பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ்கள். மூன்று நாள் கிடைத்திருக்கிறது.

கையில் இருக்கும் பாடத்திட்டம் பழையது. முதல் நாள் முழுக்க இனப்பெருக்க உறுப்புகள், இரண்டாம் நாள் பால்வினை நோய்கள், மூன்றாம் நாள் கருத்தடை முறைகள், கடைசி ஒரு மணி நேரம் 'ஆலோசனைத் திறன்'. எல்லாமே ஸ்லைடு. முடிவில் கேள்வித்தாள் வைத்தால் நல்ல மார்க் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் கர்ப்பிணிகள் கிளினிக்கில் எடை, பிபி, ஹீமோகுளோபின் எல்லாம் கேட்கிறார்கள். 'அந்த' விஷயத்தை மட்டும் யாரும் வாய் திறந்து கேட்பதில்லை.

நடித்துக் காட்டும் பயிற்சி வைத்தால் சிரிப்பில் முடிந்துவிடுகிறது. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் கிளினிக் நெரிசலில் தனியாகப் பேச இடமில்லை என்கிறார்கள், அதுவும் நியாயம்தான். 18 வயசுக்குக் கீழே கர்ப்பமாக வரும் பெண்ணிடம் என்ன பேசலாம், எதைப் பேசினால் சட்டச் சிக்கல் என்று ஆளுக்கொரு கருத்து. பயிற்சி பலித்ததா என்று எதை வைத்து அளப்பது என்பதும் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். 'விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்' மாதிரிப் பதில் வேண்டாம், தயவுசெய்து.


மகப்பேறு_ஆசிரியை

பாடத்திட்டத்தைத் தலைகீழாக்குங்கள். உங்கள் 24 பேருக்கும் கருப்பை எங்கே இருக்கிறது என்று தெரியும். முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் முதல் வாக்கியத்தை எப்படித் தொடங்குவது என்பதுதான் தெரியாது. மூன்று நாளில் பாதி நேரமாவது பேச வேண்டியது அவர்கள், நீங்கள் இல்லை.

முதல் நாள் காலையில் ஸ்லைடு போடாமல் நாலு சார்ட் பேப்பரை சுவரில் ஒட்டுங்கள்: ஆண் உறுப்பு, பெண் உறுப்பு, உடலுறவு, மாதவிலக்கு. ஊரில் புழங்கும் சொல், புத்தகச் சொல், வசவு, ஜாடைப் பேச்சு என்று தெரிந்ததை எல்லாம் எழுதட்டும். சிரிப்பு வரும். அடக்காதீர்கள், கால் மணி நேரத்தில் தானே ஓயும். பிறகு ஒவ்வொருவரும் எழுந்து நின்று சத்தமாகப் படிக்க வேண்டும். இதைத் தாண்டினால்தான் மற்றதெல்லாம் நடக்கும். கடைசியில் கிளினிக்கில் எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது என்று அவர்களே முடிவு செய்யட்டும். 'வீட்டுக்காரரோட சேர்றது', 'ஒண்ணா இருக்கிறது' போதும், எல்லாருக்கும் புரியும். 'கீழே', 'அந்த இடம்' மட்டும் போதாது. 'கீழே எரியுது' என்று அந்தப் பெண் சொல்ல, நர்ஸும் 'கீழே எரிச்சல்' என்று எழுதி அனுப்ப, சிறுநீர்த் தொற்றா பிறப்புறுப்புத் தொற்றா என்று தெரியாமலே மாத்திரை கைக்கு வந்துவிடும். 'கீழேன்னா ஒண்ணுக்குப் போற இடத்திலயாம்மா, குழந்தை வர்ற வழியிலயா?' என்ற அடுத்த கேள்வியையும் சேர்த்தே பழக்குங்கள்.

அடுத்து, எதுவரை பேசுவது என்ற எல்லை. 1976-ல் ஜாக் ஆனன் கொடுத்த 'பிலிசிட்' முறை பழசுதான், ஆனால் செவிலியர்களுக்கு இன்னும் இதுதான் கைகொடுக்கிறது. நாலு படி: பேச அனுமதி, கொஞ்சம் தகவல், அவரவருக்கான யோசனை, தீவிர சிகிச்சை. முதல் இரண்டும் எல்லா நர்ஸும் செய்ய வேண்டியவை. மூன்றாவதில் சில விஷயங்கள் மட்டும். நாலாவது நம் வேலை இல்லை, யாரிடம் அனுப்புவது என்று தெரிந்தால் போதும். பலர் வாயே திறக்காததற்குக் காரணம், 'கேட்டுட்டா நானே தீர்த்துவைக்கணுமே' என்ற பயம்தான். தீர்க்க வேண்டியதில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிப் பேர் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அனுமதி வாக்கியத்தை மனப்பாடமாகவே கொடுங்கள், தப்பில்லை. உதாரணமாக, பிரசவமாகி ஆறு வாரத்தில் வரும் பெண்ணிடம்: 'இது எல்லார்கிட்டயும் கேக்கிறதுதாம்மா. குழந்தை பெத்த பிறகு வீட்டுக்காரரோட சேரும்போது வலிக்குது, பயமா இருக்குன்னு நிறைய பேர் சொல்வாங்க. உங்களுக்கு அந்த மாதிரி எதாவது இருக்கா? இப்ப சொல்ல வேணாம்னா அடுத்த தடவை சொல்லலாம்.' இதில் மூணு விஷயம் இருக்கிறது. உன்னை மட்டும் கேட்கவில்லை, இது சகஜம், சொல்லாமலும் இருக்கலாம். இதில் ஒன்றை விட்டாலும் வாக்கியம் விசாரணை மாதிரி ஆகிவிடும்.

நடிப்புப் பயிற்சி சிரிப்பில் முடிவது ஏனென்றால், இரண்டு பேரை முன்னால் நிறுத்தி 22 பேர் வேடிக்கை பார்ப்பதால். மேடையே வேண்டாம். மூன்று மூன்று பேராக எட்டுக் குழு: ஒருவர் நர்ஸ், ஒருவர் நோயாளி, ஒருவர் கவனிப்பவர். ஏழு நிமிடம் பேச்சு, ஐந்து நிமிடம் கருத்து, பிறகு ஆள் மாற்றம். மூன்று சுற்றும் 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நாளைக்கு இரண்டு முறை வையுங்கள்.

நோயாளிக்குக் கொடுக்கும் அட்டையில் இரண்டு வரி இருக்க வேண்டும். மேல் வரி வெளியே சொல்லும் புகார், கீழ் வரி கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியது. 'இடுப்பு வலி, அசதி' என்று மேலே. 'காப்பர் டி போட்டதிலிருந்து நூல் குத்துதுன்னு வீட்டுக்காரர் சத்தம் போடுறார், எடுத்துடலாமான்னு இருக்கேன்' என்று கீழே. கீழ் வரி வெளியே வந்ததா இல்லையா என்பதை மட்டும் கவனிப்பவர் முதலில் குறிக்கட்டும்.

கருத்துச் சொல்லும் வரிசையும் முக்கியம். நர்ஸாக இருந்தவர் முதலில், நோயாளியாக இருந்தவர் அடுத்து, கவனித்தவர் கடைசி. மாற்றினால் முதல் சுற்றிலேயே மனஸ்தாபம் வரும்.

திரும்பத் திரும்ப வரும் தவறுகள் சிலதான். ஒரு நிமிடம்கூடக் கேட்காமல் அறிவுரையில் இறங்குவது. 'ஏன் இவ்வளவு நாள் சொல்லல?' என்று கேட்பது. எல்லாவற்றையும்விட மோசமானது 'அதெல்லாம் ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க.' ஆறுதல் மாதிரி இருக்கும், ஆனால் அதோடு அந்தப் பெண் வாயை மூடிக்கொள்வாள்.


பகுதி_செவிலியர்

மேடம் சொன்ன வாக்கியமெல்லாம் சரி. ஆனா பயிற்சி ஹால்ல நாற்காலியும் இடமும் இருக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்துல செவ்வாய்க்கிழமை நிக்கவே இடமில்ல. அதனால எங்க, எப்ப பேசறதுன்னு ஒரு அரை நாள் தனியா ஒதுக்குங்க. அவங்கவங்க நிலையத்தோட வரைபடத்தைக் கையால போடச் சொல்லுங்க: எடை பாக்குற இடம், பிபி மேசை, ரத்தம் எடுக்கிற இடம், வயிறு பாக்குற அறை, மருந்து ஜன்னல். கர்ப்பிணி எந்த வழியா நடக்கிறாங்கன்னு கோடு போடச் சொல்லுங்க. கூட வந்தவங்க எந்த இடத்துல விலகி நிக்கிறாங்களோ அதுதான் உங்க இடம்.

முக்கால்வாசி நிலையத்துல அது வயிறு பாக்குற அறைதான். குழந்தை இதயத்துடிப்பு பாக்க ஸ்க்ரீனுக்குப் பின்னாடி போகும்போது மாமியார் வெளியே நிப்பாங்க. ரெண்டு மூணு நிமிஷம் கிடைக்கும். ஆனா படுத்து, வயித்துத் துணியை விலக்கியிருக்கும்போது கேக்காதீங்க. எழுந்து உக்காந்து புடவையைச் சரி பண்ணின பிறகு கேக்கணும். படுத்திருக்கிறவங்ககிட்ட நின்னுகிட்டுக் கேட்டா 'ஒண்ணுமில்ல சிஸ்டர்'ங்கிற பதில்தான் வரும்.

வீட்டுக்குப் போறப்ப மாமியாரை வெளியே போங்கன்னு சொல்ல முடியாது. அவங்களுக்கு ஒரு வேலை குடுங்க. 'அம்மா, அந்தத் தாய் சேய் நல அட்டையை எடுத்துட்டு வாங்களேன்', 'குழந்தையைக் கொஞ்சம் வெயில்ல காட்டுங்களேன்'. போதும். அந்த நேரத்துல முழு ஆலோசனையும் முடியாது. 'புதன்கிழமை ஊசிக்கு வர்றப்ப தனியா பேசலாமா?'ன்னு ஒரு வார்த்தை கேட்டு வச்சாலே பெரிசு.

இன்னொண்ணு, எந்தக் கையேட்டுலயும் இல்லாதது. வளைகாப்பு முடிஞ்சு பொண்ணு அம்மா வீட்டுக்குப் போயிடும், பிரசவம் அங்க. மூணாம் மாசம் இல்ல அஞ்சாம் மாசம்தான் புருஷன் ஊருக்குத் திரும்பும். பிரசவத்துக்கு அப்புறம் வீட்டுக்குப் போய்ப் பாக்கிறது அம்மா ஊரு செவிலியர். அவங்க 'இங்க புருஷனே இல்லையே, கருத்தடை எதுக்கு இப்ப'ன்னு விட்டுடுவாங்க. புருஷன் ஊரு செவிலியருக்கு அந்தப் பொண்ணு திரும்பி வந்ததே தெரியாது. மாதவிலக்கே வரலையேன்னு புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் நெனச்சிட்டு இருப்பாங்க. முதல் மாதவிலக்கு வர்றதுக்கு முன்னாடியே கருமுட்டை வந்துடலாம். ஒரு வருஷத்துக்குள்ள அடுத்தது நிக்கிறது பெரும்பாலும் இப்படித்தான்.

அதனால 'எப்பம்மா ஊருக்குப் போறீங்க?'ங்கிற கேள்வியைப் பழக்குங்க. எட்டாம் மாசம் முதல் பேச்சு. பிரசவமாகி டிஸ்சார்ஜ் ஆகறதுக்குள்ள ரெண்டாவது, ஏன்னா காப்பர் டி அப்பவே வேணும்னா 48 மணி நேரத்துக்குள்ள போடணும், தாண்டிட்டா ஆறு வாரம் காத்திருக்கணும். குழந்தைக்கு 6, 10, 14-ஆம் வாரத் தடுப்பூசி இருக்கே, அதுல 14-ஆம் வாரம்தான் ரொம்ப முக்கியம். அநேகமா ஊருக்குக் கெளம்பற நேரம் அது. தாய்ப்பால் மட்டும் குடுக்கிறது, ஆறு மாசத்துக்குள்ள இருக்கிறது, மாதவிலக்கு திரும்பாம இருக்கிறது, இந்த மூணும் சேர்ந்து இருந்தாத்தான் பால் குடுக்கிறதே பாதுகாப்பு. ராத்திரி பாட்டில் பால் குடுக்க ஆரம்பிச்சிருந்தா அந்தக் கணக்கு போச்சு.


நம்பிக்கை_மையம்_ஆலோசகர்

என் பக்கத்திலிருந்து ஆணுறை விளக்கமும் ரகசியமும்.

ஆணுறையைக் கட்டைவிரலில் மாட்டிக் காட்டும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். மரத்தில் செய்த ஆணுறுப்பு மாதிரி ஒவ்வொரு நம்பிக்கை மையத்திலும் (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) இருக்கும், ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். 24 பேரும் தலா ஒரு முறை செய்து காட்ட வேண்டும், பார்த்தால் மட்டும் போதாது. காலாவதித் தேதி பார்ப்பது, உறையை ஒரு ஓரமாகத் தள்ளி மறு ஓரத்தைக் கையால் கிழிப்பது, பல்லோ கத்தரியோ வேண்டாம், நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றுவது, அடிவரை உருட்டுவது, முடிந்ததும் விறைப்பு குறையும் முன்பே அடி வளையத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே எடுப்பது, முடிச்சுப் போட்டுத் தாளில் சுற்றிக் குப்பையில் போடுவது. எல்லோரும் தவறவிடுவது ஒன்று உண்டு: தலைகீழாக வைத்து உருளவில்லை என்றால் திருப்பிப் போடுவார்கள். கூடாது. நுனியில் ஏற்கெனவே விந்துக் கசிவு பட்டிருக்கலாம். புதிதாக ஒன்று எடுக்க வேண்டும்.

'உறை கிழிஞ்சு போச்சு' என்று வந்தால் முதலில் எண்ணெய் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். நம் ஊரில் தேங்காய் எண்ணெய் எல்லாவற்றுக்கும் மருந்து. லேடெக்ஸ் உறை எண்ணெய் பட்ட சில நிமிடத்தில் பலம் இழக்கும். நீர் சார்ந்த ஜெல்தான் பயன்படுத்த வேண்டும். பர்ஸில் மாதக்கணக்கில் வைத்திருப்பதும், ஒன்றின் மேல் ஒன்று இரண்டு போடுவதும் அடுத்த காரணங்கள். கிழிந்து மூன்று நாள் ஆகவில்லை என்றால் அவசரக் கருத்தடை மாத்திரை இருக்கிறது, 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எச்.ஐ.வி. பயம் இருந்தால் அதே 72 மணிக்குள் தடுப்பு மருந்து தொடங்க, எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் கூட்டு மருந்து சிகிச்சை மையத்துக்கு அனுப்ப வேண்டும். 'மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்துக்கலாம்' என்று சொல்லி அனுப்பிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

ரகசியம். 2017 எச்.ஐ.வி. சட்டப்படி ஒருவருக்குத் தொற்று இருப்பதை அவர் துணையிடம் சொல்ல மருத்துவருக்கோ ஆலோசகருக்கோ மட்டும்தான் இடம் உண்டு, அதுவும் பல நிபந்தனைகளோடு. முதலில் அவரையே சொல்ல வைக்கப் பேச வேண்டும். சொன்னால் பெண்ணுக்கு அடி விழும், வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்ற அச்சம் இருந்தால் மருத்துவரே சொல்லக் கூடாது. கிராம சுகாதார செவிலியர், ஸ்டாஃப் நர்ஸ் யாருக்கும் அந்த அதிகாரம் இல்லை. 'அவங்க வீட்டுக்காரர் நல்ல மனுஷன், ஜாடையா சொன்னேன்' என்பதெல்லாம் சட்டமீறல். ரெஜிஸ்டரை மேசையில் விரித்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போவதும் ரகசியத்தை உடைப்பதுதான். அதையும் பயிற்சியில் சொல்லுங்கள்.


மகளிர்நல_மருத்துவர்

ஆலோசனைத் திறன் மட்டும் போதும் என்று உள்ளடக்கத்தை ஒரேயடியாக வெட்டிவிடாதீர்கள். கனிவாகப் பேசித் தவறான தகவல் கொடுப்பது இன்னும் ஆபத்து. ஆனால் பால்வினை நோய்ப் பட்டியல் முழுக்க வேண்டாம். நாலு விஷயத்தை ஆழமாக எடுங்கள்.

முதலாவது வெள்ளைப்படுதல். இதற்கு மட்டும் இரண்டு மணி நேரம் கொடுத்தாலும் தகும். 'உடம்பு உருகிப் போகுது', 'சூட்டால வருது', 'எலும்பு தேயுது' என்று பெண்கள் வருவார்கள். பலருக்கு நோயே இருக்காது. நிறமில்லாமலோ வெண்மையாகவோ, நாற்றமில்லாமல், அரிப்பில்லாமல், மாதவிலக்குச் சுழற்சிக்கு ஏற்பக் கூடிக் குறைந்தால் அது இயல்பு. தயிர்க்கட்டி மாதிரி, அரிப்போடு இருந்தால் பூஞ்சை. சாம்பல் நிறம், மீன் வாடை என்றால் பாக்டீரியா சமநிலை கெட்டது. நுரையோடு மஞ்சள் பச்சையாக இருந்தால் ட்ரைக்கோமோனாஸ். இதை ஸ்லைடில் படிப்பதைவிட, புகாரைப் படித்துக் காட்டி 'இது எது?' என்று கேட்டால் நிற்கும்.

இப்போது நடப்பது என்ன? வெள்ளைப்படுதல் என்று சொன்னவுடன் பச்சைப் பொட்டலம், அதாவது பால்வினைத் தொற்றுகளுக்கு நிறம் வாரியாக வரும் மருந்துப் பொட்டலங்களில் இரண்டாம் எண் கிட் கைக்குப் போகிறது: செக்னிடசோல் 2 கிராம், ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம், ஒரே வேளை. கர்ப்பிணிக்கு அதைக் கொடுக்கக் கூடாது; அவருக்கு உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோல் மாத்திரை, அதுவும் மருத்துவர் பார்த்த பிறகு. இயல்பான வெள்ளைப்படுதலுக்கு மருந்தே வேண்டாம், விளக்கம்தான் மருந்து. சோப்பும் கிருமிநாசினியும் போட்டு உள்ளே கழுவுவதை நிறுத்தச் சொன்னாலே பலருக்குச் சரியாகும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 'வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க' என்பதை எல்லா வெள்ளைப்படுதலுக்கும் சொல்லும் நர்ஸ்கள் உண்டு. பூஞ்சைக்கு அது தேவையில்லை, அவருக்கும் அரிப்போ தடிப்போ இருந்தால் ஒழிய. சொன்னால் அன்று ராத்திரி அந்த வீட்டில் யார் யாரிடமிருந்து வாங்கியது என்று சண்டை. ட்ரைக்கோமோனாஸுக்கும், கருப்பை வாயில் சீழ் இருந்தாலும் துணைக்கும் சிகிச்சை கட்டாயம், இருவரும் முடித்து ஏழு நாள் உறவு வேண்டாம். இந்த வேறுபாடு தெரியாத ஆலோசனை குடும்பத்தைக் கெடுக்கும்.

மஞ்சள் பொட்டலம், ஆறாம் எண், அடிவயிற்று வலிக்கு. இதில் 14 நாள் மருந்து. வலி நாலாம் நாளே குறையும், பெண் நிறுத்திவிடுவாள். 'வலி போனாலும் கிருமி போகல, 14 நாளும் முடிக்கணும்' என்பதைப் பொட்டலம் கொடுக்கும்போதே சொல்லி, திருப்பிச் சொல்லவும் வையுங்கள். கர்ப்பிணிக்கு இதுவும் ஆகாது, டாக்ஸிசைக்ளின் இருக்கிறது.

இரண்டாவது, பிரசவத்துக்குப் பின் வரும் வலி. பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருப்பதால் பிறப்புறுப்பு வறண்டிருக்கும். ஆசை இல்லாததால் அல்ல. இதை அந்தப் பெண்ணுக்குச் சொல்லுங்கள், முடிந்தால் கணவருக்கும். ஜெல், அவசரப்படாமை, ஒருக்களித்துப் படுக்கும் நிலை என்று நர்ஸே யோசனை சொல்லலாம். பிலிசிட்டின் மூன்றாம் படியில் ஆசிரியை மேடம் சொன்ன 'சில விஷயங்கள்' இவைதான். தையல் போட்ட இடத்தில் ஒரே புள்ளியில் குத்தும் வலி, நாற்றம், காய்ச்சல் இருந்தால் எங்களிடம் அனுப்புங்கள்.

காப்பர் டி நூல் குத்துகிறது என்று வந்தால் உடனே எடுக்க வேண்டியதில்லை. குட்டையாக வெட்டிய நூல்தான் குத்தும், நீளமாக இருந்தால் வளைந்துகொள்ளும். கருப்பை வாயோடு ஒட்ட வெட்டிவிட்டால் தீரும். ஆனால் பிறகு எடுக்கும்போது நூல் கண்ணில் படாது என்று எழுதி வைக்க வேண்டும். பிரசவத்தோடு போட்டதில் நூல் ஆறு வாரத்தில் நீளமாகக் கீழே இறங்கும், அப்போது வெட்டுவார்கள். இதை முன்பே சொல்லாததால்தான் 'காப்பர் டி நழுவிடுச்சு' என்று பயந்து ஓடி வருகிறார்கள்.

மூன்றாவது, கர்ப்ப காலம். இரத்தப்போக்கு, நீர் கசிவு, நஞ்சுக்கொடி கீழே இருப்பது, குறைமாதப் பிரசவ வலி, கருப்பை வாயில் தையல், இவை இல்லையென்றால் உறவுக்குத் தடை இல்லை. மொத்தமாக 'முதல் மூணு மாசமும் கடைசி மூணு மாசமும் கூடாது' என்று சொல்லும் வழக்கத்துக்கு மருத்துவக் காரணம் கிடையாது.

நாலாவது, விடக் கூடாத இரண்டு அறிகுறிகள். உறவுக்குப் பின் இரத்தம் என்றால் எந்த வயதானாலும் கருப்பை வாயை ஸ்பெகுலம் (உள்ளே விரித்துப் பார்க்கும் கருவி) வைத்துப் பார்க்க வேண்டும். '30 வயசு ஆகல, ஸ்க்ரீனிங் வேண்டாம்' என்று திருப்பி அனுப்பக் கூடாது. மற்றது, கல்யாணமாகி வருஷக்கணக்கில் உறவே முழுமையாக நடக்காத தம்பதி. குழந்தை இல்லை என்றுதான் வருவார்கள், ஸ்கேனும் ஹார்மோன் டெஸ்டும் எழுதப்படும். 'உறவு முழுசா நடக்குதாம்மா, பாதியிலேயே வலிச்சு நின்னு போகுதா?' என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தசை இறுகிக்கொள்வது காரணமாக இருந்தால் பரிசோதனை என்று வலுக்கட்டாயமாக விரல் வைப்பது நிலைமையை மோசமாக்கும். இது நாலாம் படி. அனுப்பிவிடுங்கள்.


டெல்டா_பயிற்றுநர்

எல்லோருக்கும் நன்றி. நிலைய வரைபடமும் இரண்டு வரி அட்டையும் கண்டிப்பாக வைக்கிறேன். 18 வயசுக்குக் கீழே உள்ள கேள்வி இன்னும் நிற்கிறது. எங்கள் பகுதியில் 17 வயதில் கல்யாணமாகிக் கர்ப்பப் பதிவுக்கு வருகிறார்கள். போலீஸ் பயத்தால் வயதைக் கூட்டிச் சொல்வதும், பிறகு வராமலே போவதும் நடக்கிறது.


நம்பிக்கை_மையம்_ஆலோசகர்

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012, 19-ஆம் பிரிவு: 18 வயசுக்குக் கீழே பாலியல் உறவு நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்வது தெரிந்தவர் எல்லாருக்கும் கடமை. கல்யாணம் ஆகியிருந்தாலும் விலக்கு இல்லை. சொல்லாவிட்டால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நர்ஸ் இதைத் தனியாகத் தலையில் தூக்கிக்கொள்ள வேண்டாம். மருத்துவ அதிகாரியிடம் அன்றே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், வாய்மொழி போதாது. அறிவிப்பு உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்வதும் நர்ஸின் பொறுப்பு.

பேச்சு எப்படி? ரகசியத்தின் எல்லையை அந்தப் பெண் வாய் திறக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். 'நீ சொல்றதை ஊர்ல யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்மா. ஆனா 18 வயசு ஆகலைன்னா டாக்டர்கிட்ட சொல்லியாகணும், அவங்க போலீசுக்கும் சொல்லணும். அது உன்னைத் தண்டிக்க இல்ல. உன் சிகிச்சை நிக்காது.' எல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டு கடைசியில் இதைச் சொன்னால் அது துரோகமாகத்தான் தெரியும். யார், எப்போது, எங்கே என்று நர்ஸ் துருவ வேண்டாம், விசாரணை நம் வேலை இல்லை.

கருக்கலைப்புக்கு வந்தால் தனி விஷயம். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, அந்தப் பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் கொடுக்கும் போக்சோ அறிவிப்பில் பெயரும் அடையாளமும் தேவையில்லை. இது தெரியாததால் பெண்கள் மருந்துக்கடை மாத்திரைக்குப் போகிறார்கள். 18 ஆனவர் என்றால் அவர் சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்து கேட்கவே கூடாது. உதவி எண்கள்: 1098 குழந்தைகளுக்கு, 181 பெண்களுக்கு. இரண்டு எண்ணும் அறைச் சுவரில் இருக்கட்டும்.


தொற்றாநோய்_பிரிவு_செவிலியர்

ஆண்களை எல்லோரும் மறந்துவிட்டீர்களே. சுகர், பிபி மாத்திரை வாங்க வரும் ஆண்களுக்கும் ஒரு அட்டை வையுங்கள். 'மாத்திரை போட ஆரம்பிச்சதுல இருந்து முடியல'ன்னு சொல்லாமலே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், பிபி ஏறிக் கிடக்கும். சில பிபி மாத்திரையால் விறைப்புக் குறைவது உண்மைதான், மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் அடினோலால் மாதிரி மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து. 'சுகர் இருக்கிறவங்க நிறைய பேருக்கு இந்தப் பிரச்சினை வரும், மருந்து மாத்தலாம், சொல்லாம நிறுத்தாதீங்க' என்று ஒரே வரி போதும். நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் மாத்திரை வைப்பவர் விறைப்பு மாத்திரையைக் கடையில் வாங்கிப் போட்டால் பிபி அடியோடு விழும், இதைக் கேட்காமல் அனுப்பக் கூடாது. பெண்களுக்குப் பூஞ்சை அடிக்கடி திரும்பி வந்தால் சுகர் பாருங்கள். லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் 'ஆண்மை' வைத்தியர்களிடம் காசு போவதற்குக் காரணம், நாம் கேட்காததுதான்.


மகப்பேறு_ஆசிரியை

அளப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேள்வித்தாளை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பத்து வரியில் ஒரு கவனிப்புத் தாள் போடுங்கள்: தனியிடம் பார்த்தாரா, உட்கார்ந்து பேசினாரா, அனுமதி வாக்கியம் வந்ததா, ரகசிய எல்லையைச் சொன்னாரா, கீழ் வரி வெளியே வந்ததா, தகவல் சரியா, திருப்பிச் சொல்ல வைத்தாரா, அடுத்த தேதி கொடுத்தாரா, இப்படி. ஆம், இல்லை மட்டும், மார்க் வேண்டாம். முதல் நாள் காலையில் ஒரு அட்டைக்கு, மூன்றாம் நாள் மாலையில் வேறொரு அட்டைக்கு. பிறகு ஆறாவது வாரம் அவரவர் கிளினிக்கில், அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு, பகுதி செவிலியர் உட்கார்ந்து அதே தாளை நிரப்பட்டும். மூன்றாவது தாளில்தான் உண்மை தெரியும். மூன்றாம் நாள் எட்டு 'ஆம்' வாங்கியவர் கிளினிக்கில் மூன்று வாங்கினால், பெரும்பாலும் தனியிடமும் உட்கார நாற்காலியும் இல்லாததுதான் காரணம். அதை மருத்துவ அதிகாரியிடம் கொண்டுபோங்கள், மறுபடி பயிற்சி வைக்க வேண்டாம்.

எண்ணிக்கை வேண்டும் என்று மேலே கேட்டால், தாய் சேய் நல அட்டையின் ஓரத்தில் ஒரு சின்ன டிக் போதும்: 'கேட்டேன்'. என்ன சொன்னார் என்று அங்கே எழுதக் கூடாது, அந்த அட்டையை வீட்டில் எல்லாரும் படிப்பார்கள்.


பகுதி_செவிலியர்

அந்த டிக் என்னன்னு மாமியார் கேப்பாங்க. 'ரத்த சோகை கேட்டதுக்கு'ன்னு எல்லாரும் ஒரே பதில் சொல்றதுக்கும் மூணாம் நாள்லயே பழக்கிடுங்க.